பால்மரம் பிறந்த காட்டில் ஒரு போராட்டம்

நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாம் சீவி வந்த பால்மரம் இந்த மண்ணில் தோன்றிய மரமல்ல. பிரேசில் நாட்டுக் காட்டு மரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தப் பிரேசில் காட்டிலும் நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் கையுமாக மரத்துக்குப் போகிற தொழிலாளிகள் உண்டு. அந்த மரங்களை யாரும் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு காட்டுக்குள் போய் நின்றார்கள். அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். இந்தக் கதை நம் லயன் வீடுகளுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

ஏழை நாடுகளின் நாட்டுப்புறங்களில் நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் காட்டுக்காகவும் எத்தனையோ சண்டைகள் நடக்கின்றன. ஒரு பக்கம் பத்திரம் வைத்திருப்பவன். மறு பக்கம் அதை நம்பி வயிறு கழுவுகிறவன். இமயமலையில் ரேணி கிராமத்துப் பெண்கள் 1974-ல் மரங்களைக் காக்க வரிசையாக நின்று கோடரிக்காரர்களைத் திருப்பி அனுப்பியது இந்தச் சண்டைதான். நம் சரவாக்கில் பெனான் மக்கள் 1987-ல் மரலாரிப் பாதைகளை மறித்து உட்கார்ந்ததும் இதுதான். அவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பிரேசில் கதையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சண்டையின் வேர் நம் தோட்டங்கள் வரைக்கும் ஓடி வருகிறது.

ஒரே பஞ்சம், ஒரே மரம்

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், அமேசானில் வந்து கலக்கும் தப்பஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே கியூ தோட்டத்தில் சொற்ப விதைகளே முளைத்தன. அடுத்த ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போயின. அந்த நாளைய மரம் என்று ஒன்றை அங்கே இன்றும் வேலி கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள்.

அதே சமயத்தில்தான் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம். நம் கிழவிகள் சொல்லிச் சொல்லி அழுத பஞ்சம் அது. அங்கே பிரேசிலின் வடகிழக்கில் சியாரா என்று ஒரு வறண்ட சீமை. அங்கேயும் 1877 முதல் 1879 வரை மழை பொய்த்து ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பசிபிக் பெருங்கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறும் 'எல் நினோ' என்ற கோளாறுதான் இரண்டு பஞ்சத்துக்கும் பின்னால் இருந்தது என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பஞ்சத்துக்குத் தப்பிய சியாரா ஜனங்கள் படகேறி அமேசான் காட்டுக்குப் பால் எடுக்கப் போனார்கள். நம்மவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். ஒரே வானம் கைவிட்ட இரண்டு கூட்டம், பிறகு ஒரே மரத்தடியில் போய் நின்றது.

ஆனால் அங்கே தோட்டம் கிடையாது. அமேசானில் ரப்பர் மரத்தை நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் வந்து அத்தனையையும் அழித்துவிடும். மோட்டார் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-ல் அங்கே பெருந்தோட்டம் போட ஆரம்பித்து, பணத்தைக் கொட்டித் தோற்றுப் போனார். காட்டில் பால்மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மற்ற மரங்களுக்கு நடுவேதான் நிற்கும். ஒரு ஒற்றையடிப் பாதையைப் பிடித்துப் போனால் நூறு மரம், நூற்றைம்பது மரம். ஒரு குடும்பத்துக்கு இப்படி இரண்டு மூன்று பாதைகள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 300 ஹெக்டர், அதாவது எழுநூறு ஏக்கருக்கு மேலே போகும்.

இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சண்டை முழுவதும் இதிலேதான் இருக்கிறது. நம் தோட்டத்தில் பக்கத்துக் காட்டை அழித்தாலும் நம் நிரையில் பால் இறங்கும். அவனுக்கு அப்படியில்லை. காடு முழுசாக நின்றால்தான் அவனுக்குப் பிழைப்பு. மழைக்காலத்தில் பால் எடுக்க முடியாதபோது அவன் பிரேசில் கொட்டை பொறுக்குவான். அந்த மரமும் அதே காட்டில்தான். மீன், இறைச்சி, மருந்துப் பட்டை எல்லாமே அங்கிருந்துதான். காடு போனால் அவன் வேலை மட்டுமல்ல, அடுப்பும் அணைந்துவிடும்.

அவன் நெற்றி விளக்குக்குப் பொரோங்கா என்று பெயர். முதல் சுற்றில் மரத்தைச் சீவி மங்கு வைத்துக்கொண்டே போவான். மறு சுற்றில் பாலைச் சேர்ப்பான். பிறகு குடிசையில் புகை மூட்டி, கழியில் பாலை ஊற்றி ஊற்றி உருட்டிப் பெரிய பந்தாக்குவான். நம் ஸ்டோரில் அமிலம் ஊற்றி உறைய வைக்கிறோமே, அந்த வேலையை அவன் புகையில் செய்தான். புகையைக் குடித்தே நெஞ்சு கெட்டவர்கள் அங்கே அநேகம்.

கூலி? அதைக் கேட்காதீர்கள். மாவு, உப்பு, மண்ணெண்ணெய், கத்தி எல்லாம் முதலாளியின் கடையில் கடன். விலை அவன் வைத்தது. பால் பந்தை அவனிடமே போட வேண்டும். அதற்கும் விலை அவன் வைத்தது. நாலு காய்கறி நட்டுக்கொள்ளக்கூட விடமாட்டான். நட்டால் கடைக்கு வரமாட்டானே! மரத்துப் பாதைக்கு வருஷா வருஷம் வாடகை வேறு. தோட்டத்து மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றுதான் நம்மைவிட மோசம்: காட்டுக்குள் பள்ளிக்கூடமே வைக்க விடவில்லை. நமக்காவது ஓட்டை உடைசலாய் ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. அங்கே எழுத்துத் தெரிந்தால் கணக்குப் பார்ப்பான், கணக்குப் பார்த்தால் கேள்வி கேட்பான் என்று முதலாளி பயந்தான்.

மலாயா, இலங்கை, சுமத்ரா தோட்டங்களில் பால் கொட்ட ஆரம்பித்ததும் கதை மாறியது. 1913-ல் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை மிஞ்சியது. விலை விழுந்தது. மனாவுஸ் நகரில் 1896-ல் இசை நாடக மாளிகை கட்டிக் கும்மாளம் போட்ட ரப்பர் பிரபுக்கள் நொடித்துப் போனார்கள். காட்டிலிருந்த தொழிலாளியோ ஊருக்குத் திரும்பக் காசில்லாமல் அங்கேயே கிடந்தான். அவன் வாயில் மண் போட வேண்டும் என்று நினைத்து நம் பாட்டன்மார் மரம் சீவவில்லை. அவர்களுக்குக் கிடைத்ததும் அரைவயிற்றுக் கூலிதான். லாபம் போன இடம் வேறு.

1942-ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். நம் ஜனங்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போன கதை நமக்குத் தெரியும். மலாயா ரப்பர் கைவிட்டுப் போகவே அமெரிக்கா பிரேசிலோடு ஒப்பந்தம் போட்டது. மறுபடியும் சியாரா பக்கத்திலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை, 'ரப்பர் சிப்பாய்கள்' என்று பெயர் சூட்டிக் காட்டுக்குள் அனுப்பினார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். யுத்தம் முடிந்தால் ஊருக்கு அனுப்பி வைப்போம் என்ற வாக்குறுதி காற்றோடு போயிற்று. ஒரே யுத்தம் இங்கே ஒருவனைச் சயாமுக்கும் அங்கே ஒருவனை அமேசானுக்கும் விரட்டியது.

மாடு வந்தது

பொலிவியா எல்லையை ஒட்டி ஆக்ரே என்று ஒரு மாநிலம். அதில் ஷாப்புரி என்று ஒரு சிற்றூர். அதன் பக்கத்துக் காட்டில் 1944 டிசம்பரில் பிறந்தவர்தான் சிக்கோ மெண்டிஸ். சியாரா வம்சம். ஒன்பது வயதில் அப்பாவோடு மரத்துக்குப் போனார். பதினெட்டு வயது வாக்கில்தான் எழுத்துக் கூட்டப் படித்தார். அதையும் கற்றுக் கொடுத்தவர், அரசாங்கத்துக்கு ஒளிந்து காட்டில் குடியிருந்த முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர். பழைய செய்தித்தாள்தான் பாடப் புத்தகம். பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இதில் கொஞ்சம் பெருமை!

1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி. எழுபதுகளில் அந்த அரசு, அமேசான் சும்மா கிடக்கிறது, அதை முன்னேற்றுவோம் என்று புறப்பட்டது. தெற்கத்திப் பணக்காரர்களுக்கு வரிச்சலுகை, மலிவுக் கடன் எல்லாம் கொடுத்து மாட்டுப் பண்ணை போடச் சொன்னது. கடனில் மூழ்கியிருந்த ரப்பர் முதலாளிகள் நிலத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். காட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கினவனுக்குப் பால் வேண்டாம், கொட்டையும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது புல். மரத்தையெல்லாம் சாய்த்து, காய்ந்ததும் தீ வைத்து, புல் விதைத்தான். நூறு குடும்பம் பிழைத்த இடத்தில் மாடு மேய்க்க விரல்விட்டு எண்ணும் ஆட்கள் போதும்.

போகமாட்டேன் என்றவன் குடிசை எரிந்தது. சிலர் எல்லை தாண்டிப் பொலிவியாக் காட்டுக்குப் போனார்கள். பலர் ரியோ பிராங்கோ பட்டணத்துப் புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டார்கள்.

தோட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றைய லயங்களில் சோறு இறங்காது. அந்த நேரத்தில் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது என்ற யோசனை அது. ஆக்ரே தொழிலாளியிடம் பத்துக் காசுகூட இல்லை. அவன் பிடித்த வழி வேறு.

எம்பாத்தே

1975-ல் பிரசிலேயா என்ற ஊரில் நாட்டுப்புறத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. (தலைநகர் பிரசிலியா வேறு, இந்தப் பிரசிலேயா வேறு. இது எல்லையோரத்துச் சிற்றூர்.) அதன் தலைவர் வில்சன் பினேரோ. 1977-ல் ஷாப்புரியிலும் சங்கம் கண்டார்கள். சிக்கோ மெண்டிஸ் அதற்குப் பாடுபட்டார்.

1976 மார்ச்சில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காட்டை எங்கே அழிக்க ஆரம்பித்திருக்கிறார்களோ அங்கே கூட்டமாக நடந்து போனார்கள். ஆண், பெண், குழந்தை எல்லாரும். ரம்பம் பிடித்து நின்றவனும் வயிற்றுக்கில்லாதவன்தான். நாள்கூலிக்கு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவன். அவனை அடிக்கவில்லை. "தம்பி, நீ சாய்க்கிறது எங்க சோறு. வேலையை நிறுத்திட்டுப் போயிடு" என்கிற தோரணையில் உட்கார்ந்து பேசினார்கள். அநேகமாக அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கூலியாட்கள் தங்கியிருந்த கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இதற்குத்தான் எம்பாத்தே என்று பெயர். தடுத்து நிறுத்துவது என்று பொருள்.

பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் நின்றது வீரம் காட்டுவதற்காக அல்ல. அவர்கள் முன்னால் நின்றால் போலீஸ்காரன் சுடுவதற்குத் தயங்குவான் என்ற கணக்கு அது. அப்படியும் அடி விழத்தான் செய்தது.

இந்தப் போராட்டத்தை அவர்கள் அளந்து பேசியது எனக்குப் பிடித்த ஒரு அம்சம். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த 45 எம்பாத்தேக்களில் 30 தோல்வி, 15 வெற்றி என்று சிக்கோ மெண்டிஸே கணக்குச் சொன்னார். அந்தப் பதினைந்து வெற்றியில் சுமார் 12 லட்சம் ஹெக்டர் காடு தப்பியது என்பதும் அவர் சொன்ன கணக்குத்தான். மூன்றில் இரண்டு தோற்றும் விடாமல் போனார்கள். நம் பக்கத்தில் ஒருதடவை பேச்சுவார்த்தை முறிந்தால் சங்கச் சந்தாவை நிறுத்திவிடுகிற ஆட்களும் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1980 ஜூலை 21-ஆம் தேதி இரவு வில்சன் பினேரோவைச் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரம் தொழிலாளிகள் நீதிக்குக் காத்திருந்தார்கள். போலீஸ் அசையவில்லை. ஆத்திரத்தில் சிலர் ஒரு பண்ணை மேலாளைக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் போலீஸ் உடனே ஓடி வந்தது. தொழிலாளிகளைப் பிடித்துப் போய் வதைத்தது. கொலைக்குக் கொலை என்று போனதை நாம் நியாயம் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஏழையின் பிணத்துக்கு ஒரு சட்டம், பணக்காரன் ஆளின் பிணத்துக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அந்த ஊரில் அமைதி எங்கிருந்து வரும்? பினேரோவுக்காக நடந்த கண்டனக் கூட்டத்தில் பேசியதற்காக ஒரு உலோகத் தொழிற்சங்கத் தலைவர் மேல் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். அவர் பெயர் லூலா. 2003-ல் அவர் அந்த நாட்டுக்கே அதிபரானார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கம் காட்டுக்குள் பள்ளிக்கூடம் வைத்தது. மானுடவியல் படித்த மேரி அலெக்ரெத்தி என்ற பெண்மணி துணைக்கு வந்தார். மரம், உளி, பாதை என்று தொழிலாளி புழங்குகிற சொற்களையே வைத்து ஓர் அரிச்சுவடி எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் பொரோங்கா. ஆமாம், அந்த நெற்றி விளக்கேதான்.

யாருக்கும் விற்க முடியாத நிலம்

1985 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட பால்மரத் தொழிலாளிகள் தலைநகர் பிரசிலியாவில் கூடினார்கள். அதற்குமுன் அந்த ஊரில் பல பெரிய மனிதர்கள், காட்டில் இன்னும் மரம் சீவுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையே மறந்துபோயிருந்தார்கள். அங்கேதான் ஒரு புதிய யோசனை பிறந்தது.

அரசாங்கம் அவர்களுக்கு நிலம் தருவதாகச் சொல்லாமல் இல்லை. ஆளுக்கு நூறு ஹெக்டர் வீதம் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருகிறோம், பயிர் செய்யுங்கள் என்றது. மேலுக்குப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் பால் பாதை கட்டம் கட்டமாகவா போகும்? அது மரத்தைத் தேடி வளைந்து வளைந்து போகிறது. நூறு ஹெக்டர் கட்டத்துக்குள் பால்மரம் எத்தனை விழும் என்று யாருக்குத் தெரியும்? தவிர, தனித்தனிப் பத்திரம் கையில் வந்தால் கஷ்ட காலத்தில் ஒருவன் விற்பான். அவனைப் பார்த்து இன்னொருவன் விற்பான். கடைசியில் எல்லாம் பண்ணைக்காரன் கைக்கே போய்ச் சேரும்.

ஆகவே அவர்கள் கேட்டது இது: நிலம் அரசாங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். யாரும் விற்கக் கூடாது, யாரும் வாங்கக் கூடாது. அதில் குடியிருந்து பாலும் கொட்டையும் எடுத்துப் பிழைக்கிற உரிமை, காலங்காலமாக இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பயிர் வைத்துக்கொள்ளலாம். காட்டை மொத்தமாக அழிக்கக் கூடாது. காட்டுவாசிகளான இந்தியப் பழங்குடிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கு நிலம் உண்டு; அதைப் பார்த்துத் தோன்றிய யோசனை. ஒரு காலத்தில் ரப்பர் முதலாளிகளின் ஏவலில் தொழிலாளிகள் அந்தப் பழங்குடிகளைச் சுட்டு விரட்டியிருக்கிறார்கள். அந்தப் பழம்பகையை மறந்து இரண்டு பேரும் 'காட்டு மக்கள் கூட்டணி' என்று கைகோத்தார்கள்.

நம் கூட்டுறவுச் சங்கம், நிலத்தை வாங்கினால்தான் தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்றது. அவர்கள், நிலத்தை யாருமே வாங்க முடியாதபடி செய்வதுதான் பாதுகாப்பு என்றார்கள். இரண்டும் ஒரே பயத்திலிருந்து பிறந்த யோசனைகள்.

1987-ல் சிக்கோ மெண்டிஸ் மயாமி நகருக்குப் போனார். ஆக்ரே காட்டுக்குள் நெடுஞ்சாலை போடக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆண்டுக் கூட்டம் அங்கே நடந்தது. சாலை வந்தால் பின்னாலேயே ரம்பம் வரும் என்று அவர் எடுத்துச் சொன்னார். வங்கி கடனை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஐக்கிய நாட்டுச் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. உள்ளூரில் அவருக்குக் கிடைத்த பட்டம், முன்னேற்றத்துக்கு விரோதி.

டார்லி ஆல்வெஸ் என்ற பண்ணைக்காரர், சிக்கோவின் உறவினர்களும் கூட்டாளிகளும் வாழ்ந்த கஷோய்ரா காட்டில் ஒரு பகுதியைத் தமக்கு உரியதென்று அழிக்க வந்தார். 1988-ல் தொழிலாளிகள் திரண்டு மறித்தார்கள். அரசாங்கம் அந்தக் காட்டை எடுத்துத் தொழிலாளிகளுக்கு ஒதுக்கியது. டார்லி மேல் வேறு மாநிலத்தில் பழைய கொலை வழக்கில் பிடிவாரண்டு இருந்ததைச் சிக்கோ தேடிப் பிடித்துப் போலீசில் கொடுத்தார். பிடிக்கத் தாமதம் ஆயிற்று, ஆள் தலைமறைவு.

1988 டிசம்பர் 22. அந்தி நேரம். ஷாப்புரியில் தம்முடைய சின்னப் பலகை வீட்டில், குளிப்பதற்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்கோ பின்கதவைத் திறந்தார். இருட்டிலிருந்து சுட்டார்கள். காவலுக்கு இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். வயது 44. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள்.

அதற்குமுன் எத்தனையோ தொழிலாளர் தலைவர்களைக் கொன்றிருக்கிறார்கள். வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தது. 1990 டிசம்பரில் டார்லிக்கும் அவர் மகனுக்கும் 19 ஆண்டுச் சிறை. 1993-ல் இரண்டு பேரும் சிறையிலிருந்து தப்பினார்கள்; 1996-ல் மறுபடி பிடிபட்டார்கள். இத்தோடு கொலைகள் நின்றதா என்றால் இல்லை. 2005-ல் பாரா மாநிலத்தில் ஏழை விவசாயிகள் பக்கம் நின்ற டாரதி ஸ்டேங் என்ற 73 வயதுக் கன்னியாஸ்திரீயைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் நிலத் தகராறுதான்.

மாடு மறுபடியும் வந்தது

கேட்டது கிடைத்தது. 1990-ல் முதல் ஒதுக்குக் காடுகள் அமைந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் சிக்கோ மெண்டிஸ் பெயரிலேயே ஒன்று. அதன் பரப்பு சுமார் 9,70,000 ஹெக்டர், நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரியது. பண்ணைக்காரன் பத்திரத்தைக் காட்டி உள்ளே வர முடியாது. ரப்பர் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் எழுத்துப் படித்து, சிக்கோவோடு எம்பாத்தேக்களில் நடந்த மரீனா சில்வா 1994-ல் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2003-லும் பிறகு 2023-லும் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

இத்தோடு கதையை முடித்தால் கைதட்டலாம். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்று அந்த ஒதுக்குக் காட்டுக்குள்ளேயே காடு அழிகிறது. வெளியாட்களும் அழிக்கிறார்கள், உள்ளே இருக்கிற குடும்பங்களிலும் சிலர் அழிக்கிறார்கள். எதற்காக? மாடு வளர்க்க! எந்த மாட்டை எதிர்த்து அப்பன் மறியல் செய்தானோ, அந்த மாட்டை மகன் கட்டி மேய்க்கிறான். காட்டின் பரப்பைக் குறைக்க வேண்டும் என்று 2019-ல் பாராளுமன்றத்துக்கு ஒரு மசோதாவே வந்தது.

இதைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, ஏழைக்குக் காட்டைக் கொடுத்தால் அவனே அழித்துவிடுவான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மகனின் கணக்கைப் பாருங்கள். முன்பு பிரேசில் அரசு இறக்குமதி ரப்பருக்கு வரி போட்டு உள்ளூர் விலையைத் தாங்கிப் பிடித்தது. தொண்ணூறுகளில் அந்தத் தாங்கல் தளர்ந்தது. ஆசியாவிலிருந்து மலிவு ரப்பர் வந்தது. பிரேசிலுக்குள்ளேயே, இலைக்கருகல் அதிகம் தாக்காத சாவ் பாவ்லோ பக்கத்தில் தோட்டங்கள் பெருகின. வளைந்த பாதையில் மைல் கணக்கில் நடந்து நூறு மரம் சீவுகிறவன், நிரையில் நட்ட தோட்டத்தோடு விலையில் போட்டி போட முடியுமா? 1913-ல் அவனை அடித்த அதே அடிதான் இது. மாடு என்றால் அப்படியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கே ஒரு கன்றை ஓட்டிப்போய்க் காசாக்கலாம். அதற்கு விலை சொல்ல ஆள் வாசலுக்கே வருகிறான். பால் பந்தை வாங்க யார் வருகிறார்கள்?

விலை இல்லாமல் மரத்தை விட்டவன் அவன் மட்டுமா? நம் பக்கத்திலும் தோட்டக் கம்பெனிகள் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டன. ரப்பர் விலை தரையில் கிடந்தபோது சிறுதோட்டக்காரர்களும் மரத்தைச் சீவாமல் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களை யாரும் மரத்துக்குத் துரோகி என்று சொல்லவில்லை.

சட்டம் ரம்பத்தை வாசலில் நிறுத்தியது. அதன் வேலையை அது செய்தது. விலையைக் கவனிக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. ஆக்ரே மாநிலம் 1999-ல் சிக்கோ மெண்டிஸ் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்து, காட்டு ரப்பருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. கைவிட்ட பாதைகளைத் துப்புரவு செய்துகொண்டு மறுபடி மரத்துக்குப் போனவர்கள் அப்போது உண்டு. ஆக வழி தெரியாமல் இல்லை. அமேசான் காடு உலகத்துக்கே மழையும் மூச்சும் என்று மாநாடு கூட்டிப் பேசுகிற பணக்கார நாடுகள், அந்தக் காட்டுக்குள் விடியுமுன் விளக்கோடு நடக்கிறவன் கொண்டுவரும் பாலுக்கு, ஒரு மாட்டின் விலைக்கு ஈடாக அவன் குடும்பம் பிழைக்கும் அளவுக்கு விலை கொடுக்கட்டும். மானியத்தை அரசாங்கம் மாறும்போதெல்லாம் ஏற்றி இறக்காமல், சம்பளம் போல மாதா மாதம் தவறாமல் கொடுக்கட்டும். காடு காக்கிற வேலைக்கும் கூலி உண்டு என்று எழுதி வைக்கட்டும்.